கடலுக்குச் சொல்பவள்

தாழையூரில் குடை பிடிப்பது குற்றம். மழையில் நனைந்துகொண்டே போகலாம். சளி பிடித்தால் அரசாங்கமே மாத்திரை தரும். ஆனால் ஒருத்தன் கையில் குடை இருந்தால், மழை வரும் என்று அவன் முன்கூட்டியே நினைத்துவிட்டான் என்று அர்த்தம். அப்படி நினைக்கிறவன் நாளைக்குக் கடலைப் பற்றியும் நினைப்பான். ‘ஒருவேளை’ என்ற சொல்லைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகளை ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு நடவடிக்கைக்கு மட்டும் பொதுமக்களிடம் எந்த எதிர்ப்பும் இல்லை. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஊருக்கு மேற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் வாக்குறுதி தர வேண்டும். கடலின் காதில் விழக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம் படகு, அதாவது வள்ளம், வைத்திருப்பது. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து மீன் பிடித்த சனம் இருக்கும் ஊர். தெருவுக்கு ஒரு வலை காயும். ஆனால் ஒரு வீட்டிலும் வள்ளம் கிடையாது. மீன் வேண்டுமென்றால் ஏணியைச் சாத்தி ஏறி, நின்றுகொண்டிருக்கும் கடலுக்குள் பக்கவாட்டில் வலையைச் செருகி எடுத்துக்கொள்வார்கள்.

கடல் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. ஊருக்குக் கிழக்கே, பனைமர உயரத்துக்கு, கண்ணாடி பீரோ மாதிரி செங்குத்தாக. கல் கிடையாது, சிமெண்டு கிடையாது. அதன் நடுவில் கல்லால் கட்டிய ஒரு கோபுரம் இருந்தது. சொல்மேடை என்று பெயர். அதன் உச்சியில் இரண்டு பேர் நின்று, மணியடிக்கும்போதெல்லாம், கடல் நிற்கிறது என்று கடலிடம் சொல்வார்கள். கடலும் அடுத்த மணி வரைக்கும் நிற்கும். வடக்குப் பாதிக்கு ஒருத்தர், தெற்குப் பாதிக்கு ஒருத்தர். ஊர் அவர்களைச் சொல்லிகள் என்றது. அரசாங்க உத்தரவுகளில் அவர்களுக்கு இன்னும் நீளமான பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்துவிடும்.

அன்று பிற்பகல் மணியடித்ததும் எமில்டா வடக்கே திரும்பி நின்று சொன்னாள். "கடல் நிற்கிறது."

வடக்குப் பாதி வழக்கம்போல ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு நேராக நின்றது. அவளுக்குப் பதினெட்டு வயது. குரல் பித்தளைச் சொம்பைத் தட்டியது மாதிரி இருக்கும். அவளுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்ற கஸ்பார் அவளைவிட ஒரு வயது மூத்தவன். இருவரும் ஒரே வகுப்பு. அவன் ஒரு வருஷம் முந்திச் சேர்ந்து, ஒரு வருஷம் தோற்றவன்.

"கடல் நிற்கி..." என்ற கஸ்பாருக்கு இருமல் வந்தது.

தெற்குப் பக்கம் பெரிய மிருகம் ஒன்று பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். கடலின் மேல்விளிம்பு சரிந்து, ஒரு குளத்துத் தண்ணீர் அப்படியே கீழே பரிசுத்த ஆவித் தெருவில் விழுந்தது. சாளை மீன்கள் தார் ரோட்டில் துள்ளின.

எமில்டா யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் அவள் படித்த படிப்பு. தெற்கே திரும்பி, "தெற்கும் நிற்கிறது" என்றாள். விளிம்பு நிமிர்ந்தது.

கீழே ஒரு பெண் அண்ணாந்து பார்க்காமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மீன்களை முந்தானையில் பொறுக்கினாள். தாழையூரில் யாரும் மேலே பார்ப்பதில்லை. பார்த்தால் சந்தேகம் என்றாகிவிடும்.

"தண்ணி குடிலே" என்றாள் எமில்டா. "தொண்ட காஞ்சிட்டு உனக்கு."

"தொண்டைக்கி ஒண்ணும் இல்ல."

"அப்பொ இருமல்?"

"இருமல் பொய். நானா இருமுனேன். இருமாட்டி முழுசாச் சொல்லியிருப்பேன். முழுசாச் சொல்லியிருந்தா மொத்தமும் வந்திருக்கும்."

மனமில்லாமல் சொன்னால் என்ன ஆகும் என்பது முதல் வருஷப் பாடம். சொல்லாமல் விடுவதைவிட அது மோசம். சொல்லாமல் விட்டால் கடல் அடுத்த மணி வரைக்குமாவது பொறுக்கும். பொய்க்குப் பொறுக்காது.

"எலே, ஒரு நாளும் இல்லாம இன்னைக்கி என்ன?"

"சொல்ல மாட்டேன். உனக்கும் ஒட்டிக்கிடும்."

அவன் தெற்குக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எப்போதும் சிரிக்கிற முகம். இப்போது சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவந்தது போல இருந்தது. "கடல்ல கலந்து கெடக்க இந்தப் பொடியச் செஞ்சவனுவள நெனச்சேன்" என்றான். "கடல்ல கெடந்த பிளாஸ்டிக்கப் பொறுக்கதுக்குத்தான் தூவுனானுவ. வாயால சொன்னாப் பொடி கேக்கும், தண்ணியயும் கேக்க வைக்கும். வெளயாட்டுக்குச் சொல்லுதவன் பேச்சக் கேட்டு எதயும் ஒடச்சிரப்பிடாதுன்னு, சொல்லுதவன் மனசாரச் சொல்லுதானான்னு கொரல் நடுக்கத்த அளந்து பாக்கச் சொல்லிக் குடுத்தானுவ. அத மட்டும் ஒழுங்காச் செஞ்சிட்டு, மத்ததெல்லாம் அரகொறயா விட்டுட்டுச் செத்துப் போய்ட்டானுவ. நம்ம அதுக்கு மந்திரம்னு பேரு வச்சிக்கிட்டு இங்க நிக்கோம்."

"பாடம் நடத்தாத. என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல."

அந்தப் பதிலில் நடுக்கம் இருந்தது. சொல்லிகளைத் தயார் செய்யும் வாக்குக் கல்லூரியில் முதலில் சொல்லித்தருவது பேசுவதை அல்ல, கேட்பதை. எவர் குரலிலும் மயிரிழை நடுக்கம் இருந்தால் எமில்டாவுக்குத் தெரிந்துவிடும். இதனால்தான் சொல்லிகளை வீட்டில் வைத்திருக்க முடியாது. குழம்பு நன்றாக இருக்கிறதா என்று அம்மா கேட்டு, நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்லும் வீட்டில் ஒரு சொல்லி இரண்டு நாள் தாங்க மாட்டாள். ஆகவே தேரிமேட்டில் விடுதி. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீடு. இருபது வயதுக்கு மேல் எல்லார் குரலிலும் லேசாக ஒரு நடுக்கம் ஏறிவிடும். அதற்குள் அவர்கள் கல்யாணம், உத்தியோகம், பக்கத்து வீட்டுக்காரர் என்று எதையாவது பார்த்திருப்பார்கள். அதோடு ஓய்வு.

"கஸ்பார். சொல்லாட்டியும் எனக்கு ஒட்டத்தான் செய்யிது. நீ பாத்தத விடப் பெருசா நான் என்னென்னமோ நெனக்கேன். சொல்லிரு."

அவன் கடலைப் பார்த்தான். கடலுக்குள் அவர்கள் முகத்துக்கு நேராக ஒரு திருக்கை மீன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து அக்கா கல்யாணத்துக்கு வீட்டுக்குப் போனேம்லா. பொறவாசல்ல பெருசா ஒரு மரத்தொட்டி. மாட்டுக்குத் தண்ணி காட்டதுக்குன்னு அம்ம சொன்னா."

"சரி."

"எங்க வீட்ல மாடு கெடயாது."

"வாங்கப் போறாவளா இருக்கும்."

"மாட்டுத் தொட்டிக்கு முன்பக்கம் கூரா இருக்குமாட்டி?"

எமில்டா கூரான தொட்டியை மனதுக்குள் வரைந்து பார்த்தாள். வள்ளம் வந்தது.

"நான் கேட்டேன். நாந்தான மேல நிக்கேன், பொறவு என்னத்துக்கும்மா இதுன்னு. ‘உன்ன நம்பாமலா மக்கா’ன்னா. கேட்டிருக்கணும் நீ அந்தக் கொரல. கோழிக்கிக் குளுரு வந்த மாதிரி." அவன் மூக்கை உறிஞ்சினான். "பொறவு தெரு வழியா வந்தேன். ஒரு பார்வ வந்திட்டுன்னா போகாதுல்லா. டீக்கடப் பெஞ்சு குழிவா இருக்கு. எதுக்குக் குழிவு? அஞ்சாறு வீட்ல கட்டிலத் தலகீழாப் போட்டு வச்சிருக்காவ. கோயில்ல புதுசா ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டு, பதினஞ்சு பேரு ஒண்ணா உக்காந்து பாவத்தச் சொல்லலாம், அம்புட்டு நீளம். இந்த ஊர்ல கடல் நிக்கும்னு நம்புனது ரெண்டே பேருதாம்ட்டி. நீயும் நானும். இப்ப நீ மட்டும்."

எமில்டா வடக்கே திரும்பிக்கொண்டாள். அவள் வீடு வடக்குத் தெருவில், கடலிலிருந்து மூன்றாவது. அவள் அப்பா தொம்மை ஏணி செய்கிறவர். கடலில் சாத்துவதற்கு ஊருக்கெல்லாம் ஏணி செய்து தருவார். தன் ஏணியில் தானே முதலில் ஏறி நின்று, கடலுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்துவிட்டு, மீசையில் தண்ணீர் சொட்ட இறங்கி வருவார். அப்படி ஒருத்தர்.

"எங்க வீட்ல இருக்காது" என்றாள்.

சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டாள். நடுக்கம் இல்லை. கஸ்பாரும் கேட்டான். தலையை ஆட்டினான். அடுத்த மணி அடித்ததும் அவள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். கடல் நின்றது. விளிம்பில் மட்டும், துணியின் ஓரம் பிரிந்தது போல, சன்னமாக ஒரு கசிவு.

படியேறி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. வாக்குத் துறை மேற்பார்வையாளர் ஞானதிரவியம், மூச்சு வாங்க, இடுப்பு பெல்ட்டை ஏற்றி விட்டுக்கொண்டே வந்தார். இந்தத் துறையின் அதிகாரிகள் எல்லாருமே முன்பு வாக்குக் கல்லூரி மாணவர்கள். அங்கே ஒவ்வொரு வகுப்பும், ‘யாருக்கும் சந்தேகம் இல்லையே’ என்ற கேள்வியோடு முடியும். கை தூக்கியவனை அன்றைக்கே படிப்பிலிருந்து எடுத்து அலுவலக வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ஞானதிரவியம் கை தூக்கியது கழிப்பறை எங்கே என்று கேட்பதற்கு. விதி விதிதான்.

"பரிசுத்த ஆவித் தெருவுல மீன் கெடக்கு" என்றார். "யாரு கொரல்ல கோளாறு?"

கஸ்பார் கை தூக்கினான்.

"கையக் கீழ போடுலே. மாத்து ஆளுக்குச் சொல்லியாச்சு. தேரியில இருந்து வண்டி வாறதுக்குள்ள ரெண்டு தடவ மணி அடிச்சிரும். அது வரைக்கும் பிள்ள ஒத்தையில சொல்லும். என்னம்மா, சொல்லுவீல்லா?"

"சொல்லுவேன் சார்."

ஞானதிரவியம் அவள் முகத்தைப் பார்த்தார். கசியும் விளிம்பைப் பார்த்தார். அவருக்குச் சொல்லிகளின் காது கிடையாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் அதிகாரியாக இருந்ததில், ஒரு காரியம் கெட்டுப் போகப் போகிறது என்றால் அதை நடைமுறைப்படி கெடுப்பது எப்படி என்று நன்றாகத் தெரியும்.

"நம்பிக்கையூட்டல் செஞ்சிருவோம்" என்றார்.

"வேண்டாம் சார்" என்றான் கஸ்பார்.

"நீ பேசாத. சொல்லிக்கி மனசு தளந்தா, பெத்தவங்கள மேடைக்கி வரவழச்சு, அவங்க வாயால தைரியம் சொல்ல வைக்கணும். அதுதான் விதி. கீழ ஜீப்பு நிக்கி, இப்பவே அனுப்புதேன்."

"சார், அவ கேப்பா சார். கேட்டா அவ..."

"கேக்கட்டும். கேக்கத்தான கூப்புடுதோம்."

எமில்டா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோது அந்த இடத்தில்தான் அவளுக்கு எல்லாம் போயிருக்க வேண்டும். நம்புகிறவள் எதற்குச் சரிபார்க்க ஆசைப்பட வேண்டும்?

தொம்மை கைலியை இறக்கிவிட்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அரசாங்கக் கட்டடத்துக்குள் வருகிற ஆளைப் போல வந்தார். உளியால் சீவிய மரத்தூள் மீசையில் ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்ததும் சிரித்தார். "மெலிஞ்சிட்ட மக்கா."

அது உண்மை. நடுக்கம் இல்லை.

"தொம்மை, பிள்ளைக்கித் தைரியம் சொல்லும்" என்றார் ஞானதிரவியம். "சீக்கிரம் ஆகட்டும். மணியடிக்கப் போகுது."

"என்ன சொல்லணும் சார்?"

"எங்களுக்கு நம்பிக்கை இருக்குன்னு சொல்லும். அம்புட்டுத்தான்."

எமில்டா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாம்ப்பா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நம்ம வீட்ல வள்ளம் இருக்கா?"

அந்தச் சொல்லைப் பகிரங்கமாகக் கேட்டு ஞானதிரவியம் சுற்றும் முற்றும் பார்த்தார், யாரோ துணியில்லாமல் வந்து நின்றது போல.

தொம்மை தலைத்துண்டை ஒரு முறுக்கு முறுக்கினார். கீழே ஊர் முழுக்க இருந்தது: வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கோயில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். அவர் மகளைப் பார்த்தார். எதைச் சொன்னால் அத்தனை பேரும் பிழைப்பார்களோ அதைச் சொல்வது என்று முடிவு செய்தார்.

"இல்ல மக்கா."

இரண்டே சொல். முதல் சொல்லின் வாலில், ஏணியின் ஒரு கம்பு காலுக்குக் கீழே லேசாகச் சுழல்வது மாதிரி, ஓர் அசைவு. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டான்.

மகள் கேட்டுவிட்டாள் என்பது தொம்மைக்கும் தெரிந்தது. ஏணி செய்கிறவருக்கு மரம் எப்போது விரிசல் விடுகிறது என்று தெரியும்.

"எப்பத் தொடங்குனிய?"

"நீ கல்லூரிக்கிப் போன அன்னைக்கி" என்றார். இதில் நடுக்கம் இல்லை.

"அட, அது வள்ளம் இல்லம்மா, கட்டிலு" என்றார் ஞானதிரவியம் அவசரமாக. "மரக்கட்டிலு கொஞ்சம் ஆழமாச் செஞ்சா முதுகுக்கு நல்லது. எங்க வீட்லயும் ரெண்டு..." அத்தோடு நிறுத்திக்கொண்டு, பெல்ட்டை ஏற்றி விட்டார்.

கடலின் மேல்விளிம்பு இப்போது ஊரைப் பார்த்து வளைந்திருந்தது, மேசைமேல் குனிந்து விடைத்தாளை எட்டிப் பார்க்கும் மாணவனைப் போல. கசிவு ஓடையாகிவிட்டது. அடுத்த மணிக்கு அதிக நேரமில்லை.

"சொல்லிப் பாரும்மா" என்றார் ஞானதிரவியம். "ஒரு தடவ சொல்லிப் பாரு."

எமில்டா வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. "கடல்..."

"சொல்லாதட்டி" என்றான் கஸ்பார். எழுந்து அவள் கையைப் பிடித்தான். "பொய்யா வருது. எனக்கே கேக்குது. முடிச்சேன்னா இப்பவே வந்து விழும்."

"சொல்லாட்டி மணிக்கி விழும்."

"ஆமா."

"பொறவு என்னதாம்லே சொல்ல?"

"எனக்கென்ன தெரியும். என்னத்தயாவது சொல்லு. நெசமா இருக்கணும். அம்புட்டுத்தான் அதுக்கு வேணும். அதுக்குச் சுவரும் தெரியாது, ஊரும் தெரியாது."

எமில்டா அப்பாவிடம் திரும்பினாள். "அம்மையயும் தம்பியயும் தூக்கி அதுக்குள்ள போடுங்க. போற வழியில எல்லார்ட்டயும் கட்டில நிமித்தச் சொல்லுங்க. ஓடுங்க."

தொம்மை ஓடினார். ஞானதிரவியம் ஒரு கணம் நடைமுறை விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், அதில் ஒன்றும் அகப்படவில்லை போலும், அவரும் ஓடினார். கஸ்பார் மணிக்கயிற்றைப் பிடித்து, நேரமில்லாத நேரத்தில், இழுத்து இழுத்து அடிக்க ஆரம்பித்தான். தாழையூரில் அந்த மணி அப்படி அடித்ததே இல்லை. தெருவில் முதன்முறையாக எல்லா முகங்களும் அண்ணாந்து மேலே பார்த்தன.

எமில்டா கடலைப் பார்த்தாள். நம்ப வேண்டியதைப் பார்க்காமல், இருப்பதைப் பார்த்தாள். விளிம்பு உடையும் இடத்தில் தண்ணீர் இன்னும் சுவரை ஒட்டி வழிந்துகொண்டுதான் இருந்தது. பாயவில்லை. இந்த நொடியில் பாயவில்லை. அடுத்த நொடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.

"கடல் உள்ள வருது" என்றாள்.

ஆறு வருஷத்தில் படித்த எந்தப் பயிற்சியும் தேவைப்படாத வாக்கியம். கடல் அதைக் கேட்டது. ஒட்டுமொத்தக் கடலும், பூட்டைத் திறந்துவிட்டது போல, ஒரு முழம் முன்னால் சாய்ந்தது. கஸ்பாரின் கை மணிக்கயிற்றில் அப்படியே நின்றது.

"ஓடி வரல" என்றாள் எமில்டா. "நடந்து வருது."

அது அப்போதைக்கு உண்மையாக இருந்தது. அதனால் தொடர்ந்து உண்மையாக இருந்தது. நிமிர்ந்திருந்த தண்ணீர், முதுகு வலிக்காரர் கட்டிலில் படுப்பது போல, மெதுவாகச் சாய்ந்து இறங்கியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னாள்; பார்ப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு நினைப்பும் புக விடவில்லை. கடல் முதல் வீட்டு வாசலுக்கு வந்திருக்கு. படியில ஏறுது. கதவத் தட்டுது. அந்தப் பிள்ள இன்னும் வெளிய வரல, கடல் நிக்குது. வந்திட்டா. கடல் உள்ள போகுது. ஒரு தடவை அவள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாராவது இருந்தால் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நீண்ட இடத்தில் தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. "எமில்டா, இங்க பாரு" என்றான் கஸ்பார். அவள் பார்வையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

வீடுகளிலிருந்து வள்ளங்கள் வந்தன.

கட்டில்கள் நிமிர்ந்தன. டீக்கடைப் பெஞ்சு கடைக்காரரோடும் பாலோடும் வந்தது. கஸ்பாரின் அம்மா மாட்டுத் தொட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கோயிலிலிருந்து பாவசங்கீர்த்தனக் கூண்டு பங்குச்சாமியையும் பாடகர் குழுவையும் ஏற்றிக்கொண்டு வெளியே மிதந்தது. எல்லாருக்கும் ஆச்சரியம், வெட்கம். பக்கத்து வீட்டுக்காரனிடமும் ஒன்று இருந்ததைப் பார்த்து ஒருவித ஆறுதல். வாக்குத் துறை அலுவலகத்தின் வாசலில், துறையின் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்த பலகையை நான்கு குமாஸ்தாக்கள் இறக்கித் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பக்கம் அது ஊரிலேயே மிக நேர்த்தியான வள்ளமாக இருந்தது. ஞானதிரவியம் அதில் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஊர் மூழ்கியது. ஆள் மூழ்கவில்லை. கடைசியில் கோயில் கோபுரமும் சொல்மேடையும், மேற்கே தூரத்தில் செக்கச்செவேல் என்று தேரிமேடும் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. கடல் படுத்துவிட்டது. சூரியன் தேரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

எமில்டா வாயை மூடினாள். தொண்டை எரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது உடம்பே லேசாகிவிட்டது. பதினெட்டு வயது. இனி வீட்டுக்குப் போகலாம். வீடு என்று ஒன்று இல்லைதான், ஆனால் போகலாம். அம்மா குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்று சும்மா சொல்லலாம். ஒன்றும் இடிந்து விழாது.

"ஏட்டி" என்றான் கஸ்பார். "வள்ளமெல்லாம் இங்க வருது."

"நம்மளக் கூட்டிட்டுப் போக வாறாவ."

"வரல. இழுக்குது. வத்தம் ஆரம்பிச்சிட்டு."

எழுந்து பார்த்தாள். ஊர் முழுக்க நிறைந்த தண்ணீர் இறங்குமுகமாகிக் கிழக்கே வடிய ஆரம்பித்திருந்தது. வள்ளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மெல்லச் சுழன்றபடி, தேரிக்கு முதுகைக் காட்டி, மேடையைத் தாண்டி, ஆழக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. யாரும் வள்ளத்தை வலித்துச் செலுத்தவில்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, பேருந்தில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

தொம்மையின் வள்ளம் மேடையின் கல்லில் உரசியது. அவர் ஒரு கையால் கல்லின் இடுக்கைப் பிடித்து நிறுத்தினார். அம்மாவும் தம்பியும் நடுவில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு பலகை காலியாக இருந்தது. எமில்டா படியில் இறங்கிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்றாள். வள்ளத்துக்குள் பார்த்தாள். இழைத்து, சீவி, தார் பூசி, ஆறு வருஷ வேலை. ஒரு குறை சொல்ல முடியாது.

"துடுப்பு எங்கப்பா?"

"செய்யலயே."

"கொண்டு வர மறந்திட்டியளா?"

"இல்ல மக்கா. செய்யவே இல்ல."

அவள் மற்ற வள்ளங்களைப் பார்த்தாள். மாட்டுத் தொட்டி, டீக்கடைப் பெஞ்சு, பாவசங்கீர்த்தனக் கூண்டு, அரசாங்கப் பலகை. ஊர் முழுக்க ஒளித்து ஒளித்து, ராத்திரி ராத்திரியாகச் செதுக்கிய அத்தனையிலும் சேர்த்து ஒரு துடுப்பு இல்லை.

"ஒருத்தர்கூடவா செய்யல? வள்ளம் செய்யத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு கட்டையச் சீவத் தெரியாதா?"

தொம்மைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. வத்தம் இழுத்த இழுப்பில் அவர் கை நரம்புகள் புடைத்திருந்தன; விரல்கள் ஒவ்வொன்றாகக் கல்லைவிட்டு நழுவிக்கொண்டிருந்தன. ஆனால் முகத்தில் பதற்றம் இல்லை.

"கடல நம்பாமத்தான் மக்கா வள்ளம் செஞ்சேன்" என்றார். "துடுப்பு எதுக்கு? நீ இருக்கேல்லா."

அவள் அந்தக் குரலைக் கேட்டாள். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, வாலிலும் நுனியிலும், படித்த படிப்பு முழுவதையும் வைத்துத் தேடினாள். ஒரு மயிரிழை நடுக்கம் இல்லை.

பின்னால் கஸ்பார் படியில் உட்கார்ந்தான். "இது முன்னாலத்த விட மோசம்" என்றான்.

தொம்மையின் கடைசி விரலும் நழுவியது. வள்ளம் சுழன்று கிழக்கே திரும்பியது. அவர் கத்தவில்லை. அம்மாவும் கத்தவில்லை. தம்பி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அந்தி வெளிச்சத்தில் ஊர் மொத்தமும், மாட்டுத் தொட்டியிலும் கட்டிலிலும் பெஞ்சிலும் உட்கார்ந்து, ஆழக்கடலுக்குள் போய்க்கொண்டே, நிம்மதியாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எமில்டா படியேறி மேடைக்கு வந்தாள். எரியும் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தேரிமேடு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துத் திரும்பினாள்.